மொன்றியலில் ஒற்றைக்கை அட்மிரலும் ஒற்றை ரிங்கும்

மொன்றியலுக்கு நான் போனது 2009 மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை. எழுதுவது மார்கழியில். பயணக் கட்டுரைக்குப் பத்து மாதம் எடுக்கும் சோம்பேறி அல்ல நான். ஏன் எடுத்தது என்பது வாசித்துக்கொண்டு போகத் தெரியும்.

போனதற்குக் காரணம் எரிச்சல். அந்த மாதங்களில் ரொறொன்ரோவில் நாங்கள் வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகையும் கையுமாக ரோட்டில் நின்றோம். ஒருநாள் அப்படி நிற்கும்போது எதிரே ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் சிலை. தலையில் புறா எச்சம், காலடியில் பூச்செண்டு. ஊர்களைப் பிடித்தவருக்குப் பூ, ஊர் பறிபோனவருக்குப் பொலிஸ் தடுப்பு. அன்றைக்கு முடிவெடுத்தேன், இந்தக் கல் மனிதர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு நகரமாகப் போய்ப் பார்த்து எழுதுவது என்று. இந்த வலைப்பூவில் கிங்ஸ்ரன் பற்றிய பதிவை வாசித்தவர்களுக்கு என் தொனி தெரியும்.

மொன்றியலில் மூன்று பேரைத் தேடிப் போனேன். ஒருவர், பிரெஞ்சுக் கப்பற்படையை உடைத்த ஒற்றைக்கை ஆங்கில அட்மிரல். அடுத்தவர், 1760 இல் இந்த நகரத்தைச் சரணடைய வைத்த ஆங்கிலத் தளபதி. மூன்றாமவர் போர்வீரர் அல்ல. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, பிறகு பிரித்தானியாவின் தபாலையே மாற்றியவர். எவ்வளவு தூரமானாலும் கடிதத்துக்கு ஒரே விலை, அதையும் அனுப்புகிறவர் முத்திரை ஒட்டி முன்கூட்டியே கட்டவேண்டும் என்று கொண்டுவந்த மனுசன். மூவரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. கல்லிலும் புத்தகத்திலும் இருப்பது போதும்.

ஸ்காபரோவில் இருந்து மொன்றியல் 540 கிலோமீற்றர். பெரிய பஸ்ஸில் முன்கூட்டிப் பதியாவிட்டால் ஒரு வழிக்கே எண்பது டொலருக்கு மேல். தமிழர் ஓட்டும் வான் வண்டியில் நாற்பது. வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவார்கள். லைசன்ஸ் இருக்கிறதா, காப்புறுதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், கேட்டால் ஏற்றமாட்டார்கள். நான் போன வானை ஓட்டியவர் சிவா அண்ணை. விடிய நாலே முக்காலுக்குப் புறப்பட்டோம். பின்சீட்டில் கலியாண வீட்டுக்குப் போகும் இரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் ஒரு பெட்டி கருவாடு. வெளியே மைனஸ் பதினெட்டு என்பதால் யன்னலைத் திறக்கவும் வழியில்லை. கிங்ஸ்ரனில் கோப்பி குடிக்க இறங்கியபோதுதான் மூச்சு விட்டேன்.

தங்கியது மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில், அன்ரன் அண்ணை வீட்டில். மன்னார்க்காரர். கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு வருடம் எங்கள் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்தவர். எனக்குச் சைக்கிள் பழக்கியவர். இப்போது டோர்வல் விமானநிலையத்தில் இரவு வேலை, பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குவது. மனைவி ஜெசி அக்கா. மகள் நிரோ, நாலு வயது, கார்டெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், படித்த பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள்.

அவர்களுடைய தொடர்மாடிக் கட்டடத்தின் முன் வான் நின்றபோது பத்து ஐம்பது. சிவா அண்ணை போனை எடுத்தார். பதியும்போது நான் கொடுத்த அன்ரன் அண்ணை வீட்டுப் போன் இலக்கத்தை அழுத்தினார். ஒரு ரிங் போனதும் வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணை, கதைக்கேல்லையோ?"

"ஏன் கதைச்சுக் காசைக் கரைப்பான்? ஒரு ரிங் எண்டால் வான் வந்திட்டுது எண்டு அர்த்தம். ஆரும் இறங்கி வருவினம், இரும்."

இரண்டு நிமிடம் பார்த்தோம். யாரும் இறங்கி வரவில்லை. வானுக்குப் புதுச்சனம் போல, நீர் ஏறிப்போம் என்று சொல்லிவிட்டு அவர் கருவாட்டோடு போய்விட்டார்.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஜெசி அக்கா கதவைத் திறந்தார். கண் முழுக்கத் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. வாரும் வாரும் என்று என் பையைப் பறித்துக்கொண்டே சொன்னார்: "இப்பத்தான் பிலோ ரிங் குடுத்தவள்."

பிலோமினா அவருடைய தங்கச்சி. மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய், போகப் போக ஊர் ஊராக ஒதுங்கி, அந்த நேரம் சண்டைக்குள் அகப்பட்டிருந்தவர். சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். நல்லது அக்கா, என்ன சொன்னவ என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, ரிங் மட்டும்தான் என்றார். ஆறு மணித்தியாலம் கருவாட்டோடு வந்தவன் நான், சப்பாத்து நூல் பனியில் இறுகிக் கிடந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வீடு கொண்டாட்டமாக இருந்தது. இரவு வேலை முடித்துப் படுத்திருந்த அன்ரன் அண்ணை எழும்பிவிட்டார். நிரோ சோபாவில் ஏறி நின்று "சித்தி ட்றிங், சித்தி ட்றிங்" என்று குதித்தாள். பிலோவிடம் இருந்து மூன்று கிழமையாகச் சத்தமில்லையாம். ஈஸ்டருக்கு என்று ஐஸ்பெட்டியில் வைத்திருந்த பாரை மீனை ஜெசி அக்கா வெளியே எடுத்தார். அன்ரன் அண்ணை, இன்றைக்கு நித்திரை வராது, நானும் உம்மோடு சிலை பார்க்க வாறன் என்று மேலங்கியைப் போட்டார்.

ரொக்ஸ்பரோ ரெயில் நிலையம் அவர்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. சனிக்கிழமைகளில் ரெயில் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டக் காத்திருக்கவேண்டும். நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நகர மையத்துக்கு அரை மணித்தியாலம்.

ரெயிலில் அன்ரன் அண்ணை கேட்டார், ஆரைப் பார்க்கப்போறம் என்று. அட்மிரலையும் தளபதியையும் சொன்னேன், கொட்டாவி விட்டார். தபால்காரர் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து இருந்தார்.

கதை இதுதான். உண்மையோ கட்டுக்கதையோ, அந்தச் சீர்திருத்தக்காரரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை எழுதுவார்கள். அந்தக் காலத்தில் கடிதத்துக்குக் காசு கட்டவேண்டியவர் வாங்குகிறவர். தூரத்தைப் பொறுத்து விலை. ஏழைக்கு ஒரு கடிதம் வருவது ஒரு நாள் கூலி போவது. ஒரு கிராமத்தில் ஒரு பெண் தபால்காரரிடம் கடிதத்தை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, காசில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த வழியால் போன ஒருவர் இரங்கித் தானே காசைக் கட்டி வாங்கிக் கொடுத்தார். தபால்காரர் போனபிறகு அவள் சொன்னாளாம்: ஐயா, வீணாகக் கட்டினீர்கள், உள்ளே வெறுந்தாள். என் அண்ணன் சுகமாக இருந்தால் உறையில் ஒரு அடையாளம் போடுவான். அதைப் பார்த்தால் எனக்குப் போதும்.

அன்ரன் அண்ணை தொடையில் அடித்துச் சிரித்தார். முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"உது எங்கட பிலோவெல்லே," என்றார்.

பிறகு தங்கள் வீட்டு முறையை விளங்கப்படுத்தினார். பிலோ இருக்கும் பக்கத்தில் ஒருவரிடம் சற்றலைற் போன் இருக்கிறது. கதைத்தால் நிமிடத்துக்கு அநியாயக் காசு. ஆனால் இந்தப் பக்கம் யாரும் எடுக்காவிட்டால் காசில்லை. அதனால் அந்த மனிதர் பாவம் பார்த்து, நிற்கிற சனத்துக்கு ஆளுக்கொரு ரிங் கொடுக்க விடுவார். ஒரு ரிங் என்றால் உயிரோடு இருக்கிறோம். இரண்டு என்றால் திருப்பிப் போன் எடு. அதனால் அன்ரன் அண்ணை வீட்டில் ஒரு சட்டம்: மூன்றாவது ரிங் வரைக்கும் யாரும் போனைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு எடுத்துவிட்டால் அங்கே காசு போகும், அடுத்த கிழமை அந்த மனிதர் போனைத் தரமாட்டார். நிரோவுக்கு நடக்கப் பழக்கிய கையோடு இதையும் பழக்கியிருந்தார்கள்.

"எந்த நம்பரில் இருந்து வரும்?"

"நம்பர் விழாது தம்பி. மறைஞ்சுதான் வரும்."

சிவா அண்ணை எடுத்தாலும் நம்பர் விழாது. லைசன்ஸ் இல்லாமல் வான் ஓட்டுகிறவர் நம்பரைக் காட்டமாட்டார். அந்த நேரம் பார்த்து ரெயில் மலைக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் போனது. யன்னல் கறுப்பாகி, அதில் என் முகம் தெரிந்தது.

எத்தனை மணிக்கு ரிங் வந்தது என்று கேட்டேன். நித்திரையில் இருந்ததால் மணி பார்க்கவில்லை, நீர் கதவு தட்ட ஒரு ஐந்து நிமிடம் முந்தி இருக்கும் என்றார். வேறு யாராவது ரிங் கொடுத்துவிட்டு வைத்திருக்கலாம்தானே அண்ணை என்று மெல்ல விட்டுப் பார்த்தேன்.

"ஆர் எங்களுக்கு ரிங் குடுத்துப்போட்டு வைக்கப்போறான்? சாமான் விக்கிற வெள்ளைக்காரன் எண்டால் எடுக்குமட்டும் விடமாட்டான். எங்கட ஆக்களுக்கு எங்கட வீட்டு விசயம் தெரியும். பங்குச் சுவாமி கூட நாலு ரிங் விடுவார்."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. சுரங்கம் முடிய வெளிச்சம் வந்தது, அவர் எழுந்து எனக்காகக் கதவடியில் இடம் பிடித்தார். நான் சொல்லவில்லை.

நிலையத்தில் இருந்து ஐந்து நிமிடம் நடந்தால், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் முத்திரைக் கடை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ராணியின் தலை போட்ட ஒரு பென்னிச் சிவப்பு முத்திரைகள், விளிம்பு கிழிந்தவை, ஒரு தகரப் பெட்டிக்குள் குவிந்து கிடந்தன. ஒன்று நாலு டொலர். கோடிக்கணக்கில் அச்சடித்ததால் இன்னும் மலிவு. நான் பணப்பையை எடுக்க முந்தி அன்ரன் அண்ணை காசைக் கொடுத்துவிட்டார். ஜெசிக்குக் காட்டவேண்டுமாம், எங்கள் ஒற்றை ரிங்கின் கொப்பாட்டனைப் பார் என்று. கடைக்காரருக்கு மெர்சி சொல்லி, அந்த நகமளவு காகிதத்தைத் தன் விமானநிலைய அடையாள அட்டைக்குப் பின்னால் செருகினார். அந்த முத்திரை வந்ததால்தான் உறையில் அடையாளம் போடும் தந்திரம் செத்துப்போனது என்று நான் திருத்தவில்லை. இனி ஏழையும் எழுதலாம், எந்த மூலைக்கும் ஒரே விலை என்றார்கள். நூற்று எழுபது வருடம் கழித்து, ஜெசி அக்கா அதற்கு முந்திய ஐப்பசியில் தங்கச்சிக்கு எழுதிய கடிதம் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தந்திரம்தான் திரும்பி வந்திருக்கிறது.

அங்கிருந்து மெற்றோவில் இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். பழைய நகரத்துக்குக் கிட்ட இறங்கி, நகரமண்டபத்தைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் அட்மிரலின் தூண். துறைமுகத்துக்குச் சரிந்து இறங்கும் சதுக்கத்தின் தலைமாட்டில் நிற்கிறது. கோடையில் அங்கே பூக்கடையும் வித்தை காட்டுகிறவர்களும் இருப்பார்களாம். மாசியில் நாங்களும் காற்றும்தான். கடலில் பேர் எடுத்தவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். சிலை பிரதி, பழையதைக் குளிர் தின்றுவிட்டது. எதிரே தள்ளி ஒரு சின்னச் சதுக்கத்தில் பிரெஞ்சுக்காரரும் பதிலுக்குத் தங்கள் கடற்படை அதிகாரி ஒருவரை நிறுத்தியிருக்கிறார்கள். ஆளை ஆள் இப்படி முறைத்துக்கொண்டு நிற்பதற்கு இருவருமாகச் சேர்ந்து யாருடைய மண்ணைப் பிடித்தார்கள் என்று இரண்டு பீடத்திலும் எழுதவில்லை.

தூணின் அடியில் சண்டைக் காட்சிகள். எகிப்தில் நடந்த சண்டைக்கு அடையாளமாக ஒரு முதலை.

"முதலை என்ன செய்யுது இந்தக் குளிருக்கை?" என்றார் அன்ரன் அண்ணை. "அகதிக்குப் பதிஞ்சிருக்குமோ?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் நான் முதல்நாள் வாசித்துக் குறித்து வைத்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த அட்மிரல் தன் கடைசிச் சண்டையில் வென்றார், அதே நாளில் செத்தும் போனார். அட்லாந்திக்கைத் தாண்டி அந்தச் செய்தி மொன்றியலுக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் இந்த ஊர்ச் சனத்துக்கு அவர் உயிரோடுதான் இருந்தார். அவருடைய சுகத்துக்குக் கிண்ணம் தூக்கிக் குடித்திருப்பார்கள். இதைப் பதிவில் நக்கலாக எழுதலாம் என்றுதான் குறித்திருந்தேன்.

அன்ரன் அண்ணை தூணின் முன்னால் நின்று, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிலோவுக்குக் காட்ட. அந்தப் படம் இன்னும் என் கமெராவில் இருக்கிறது. இந்தப் பதிவில் போடவில்லை.

தளபதியின் பெயர் தாங்கிய தெரு அங்கிருந்து கிழக்கே இருபது நிமிட நடை. சிலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பார்கள், பழைய தளபாடக் கடைகள், தெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்று, அவ்வளவுதான். ஆனால் இவருடைய வரலாற்றை நினைத்தபடி அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நகரம் சரணடைந்தபோது, தோற்ற படைக்குக் கொடுக்கும் வழக்கமான மரியாதையைக் கொடுக்க மறுத்தவர். கொடியைக் கொடுப்பதை விட எரிப்பது மேல் என்று பிரெஞ்சுக்காரர் எரித்தார்களாம். மூன்று வருடம் கழித்து, எதிர்த்து நின்ற பூர்வகுடிகளுக்குப் போர்வைகள் மூலம் அம்மை நோயைப் பரப்பப் பார் என்று தனக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவருக்கு இவர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தது. தளபதிகளின் கடிதங்கள் எப்போதும் போய்ச் சேரும். அதற்கு ஒரு தெரு கொடுத்திருக்கிறார்கள்.

தெப்பனரைக் கண்டதும் அன்ரன் அண்ணை உள்ளே போனார். ஐந்து டொலர் போன்காட் ஒன்றோடு வந்தார். தன் தம்பி றெஜியோடு கதைக்கவேண்டும் என்றார்.

றெஜி மன்னாரில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெடியன். சண்டைக்குள் இருந்து காயப்பட்டுக் கொண்டுவரப்படுகிறவர்களை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதால், அங்கே போய்ப் பிலோ இருக்கிறாரா என்று பார்க்க அவனைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விடியப் புறப்படுவதாக ஏற்பாடு. வழி முழுக்கச் சோதனைச் சாவடி. அந்த வயதுப் பெடியன் அந்த வழியால் போவது என்றால் என்னவென்று ஈழத்து வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"இனிப் போகத்தேவையில்லை எண்டு சொல்லப்போறன்," என்றார். "அதுதான் ரிங் வந்திட்டுதே. ஏன் வீணா அவனை உயிரைக் குடுக்கச் சொல்லுவான்?"

போன்காட்டின் வெள்ளிப் பூச்சைச் சாவியால் சுரண்டத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அண்ணை, அது என்ர வான்காரன் குடுத்த ரிங்."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, முழுவதையும் சொன்னேன். வாசலில் வான் நின்றது, நம்பர் மறைத்த போன், ஒரு ரிங், சிவா அண்ணை சொன்ன விளக்கம். இரண்டு பேர் எங்களைத் தள்ளிக்கொண்டு தெப்பனருக்குள் போனார்கள். இலக்கம் முழுக்கத் தெரியும்வரை சுரண்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீர் கண்ணால கண்டனீர்?"

"ஓம் அண்ணை. பக்கத்திலை இருந்தனான்."

"ஒரு ரிங் தானே?"

"ஒரு ரிங்."

மீசையில் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்தார். எனக்கு அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ரெயிலுக்குள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

"ஜெசிக்குச் சொல்லாதையும்," என்றார். "நான் சொல்லுறன். பேந்து."

தெப்பனரின் வாசலில் ஒரு பொதுத் தொலைபேசி. காட் இலக்கத்தை இரண்டு முறை பிழையாக அழுத்தினார், கையுறையைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை சரியாக அழுத்தினார். றெஜி எடுத்ததும் சுகம் கேட்டார். சாப்பிட்டியோ என்றார். பிறகு, திங்கட்கிழமை போ, அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு என்றார். ரிங்கைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வெறுங்கை விரல்கள் சிவந்து போயிருந்தன. நான் அந்தத் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாள் முழுக்கக் கல்லில் வெட்டிய பொய்களைத் திட்டிக்கொண்டு வந்தவன், வீட்டுக்குள் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பும் ரெயிலில் அவர் நித்திரை கொண்டார், அல்லது கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

வீட்டில் பாரை மீன் குழம்பு, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். ஜெசி அக்கா எனக்குத் தலைப்பாகத்தைப் போட்டார். எனக்குத் தலை பிடிக்காது, என்றாலும் வாங்கிக்கொண்டேன். அன்ரன் அண்ணை முத்திரையை எடுத்துக் காட்டி, நான் ரெயிலில் சொன்ன கதையை அப்படியே சொன்னார். தொடையில் மட்டும் அடிக்கவில்லை. ஜெசி அக்கா முத்திரையை மாதாவின் படத்துச் சட்டத்தில் செருகினார்.

"உம்மட கால் ராசி, தம்பி," என்றார். "நீர் படியிலை ஏற அவள் எடுத்தவள். இனி ஒவ்வொரு மாதமும் வாரும்."

அன்ரன் அண்ணை தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நானும் அப்படியே.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வான் வந்தது. நான் முன்கூட்டியே கீழே இறங்கி நின்றேன், சிவா அண்ணை போனைத் தொடக்கூடாது என்பதற்காக. அடுத்த ஆளை ஏற்ற புவாண்ட்-கிளேரில் ஒரு வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதும் அவர் போனை எடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டு, தானே இறங்கி, வழுக்கும் படியில் ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். கோர்ண்வோல் தாண்டும்போது ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்த மாதத்திலை மட்டும் எத்தினை வீட்டுக்குக் குடுத்திருப்பன்."

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். றெஜி போனான். ஓர் இரவு ஒரு சாவடியில் மறித்து வைத்துவிட்டு விட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிலோ இல்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களில் தேடினோம், அங்கேயும் இல்லை. ஐப்பசியில் முகாமில் இருந்து வெளியே வந்த ஒரு பெண், பிலோவோடு ஒரே பங்கரில் இருந்தவ, விசயத்தைச் சொன்னா. ஷெல் விழுந்தது தை மாதக் கடைசியில். நான் மொன்றியலுக்குப் போக இரண்டு கிழமைக்கு முன்னர். பாரை மீன் குழம்பு வைத்த அன்றைக்குப் பிலோ மண்ணுக்குள். அட்மிரலின் சுகத்துக்குக் கிண்ணம் தூக்கிய ஊர்க்காரரைப் பற்றி நான் எழுத நினைத்திருந்த நக்கலை இனி எழுதமாட்டேன்.

அதுவரைக்கும் ஜெசி அக்கா கேட்ட எல்லோருக்கும், மாசி வரைக்கும் உயிரோடு இருந்தவள், ரிங் குடுத்தவள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகையில் மரித்தோர் திருநாளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் போகும்போது, இறந்த திகதியைத் தை என்பதா மாசிக்குப் பிறகு என்பதா என்று பிரச்சினை வந்தது. அன்றைக்குத்தான் அன்ரன் அண்ணை வாயைத் திறந்தார்.

இரண்டு நாள் கழித்து ஜெசி அக்கா எனக்குப் போன் எடுத்தார். நான் வேலையில் இருந்தேன், வெளியே வந்து எடுக்குமட்டும் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் அந்த மீனை எடுத்திருக்கமாட்டன்," என்றார். பிறகு கேட்டார்: "நீர் கொம்பியூட்டரிலை ஊர் ஊராப் போய் எழுதுறனீரெல்லே? இதை எழுதும். வான்காரர் எல்லாருக்கும் தெரியோணும்."

அதனால் எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: வான் ஒரு வழி நாற்பது டொலர், வெள்ளி பின்னேரமும் சனி விடியவும் ஓடும். மாசியில் போவதென்றால் நல்ல சப்பாத்து வேண்டும், பழைய நகரத்துக் கல் ரோட்டில் கண்ணாடி போலப் பனி இறுகியிருக்கும். தூணைப் பார்க்கக் காசில்லை, அரை மணித்தியாலம் போதும். தளபதியின் தெருவைப் பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் குறையாது. அந்தப் பெயரை ஒருநாள் கழற்றுவார்களோ தெரியாது, கழற்றினால் நல்லது. அந்தக் கடிதத்தைத் திருப்பி எடுக்க முடியாது. தபாலுக்கு விலை குறைத்த மனுசனுக்கு அங்கே சிலை இல்லை. வைத்தாலும் அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை.

வானில் ஏறும்போது ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு ரிங் கொடுத்துவிட்டு வைக்கவேண்டாம் என்று. இறங்கிப் போய்க் கதவைத் தட்டுங்கள். போனில்தான் சொல்லவேண்டும் என்றால், எடுக்கும்வரை விட்டு, வாய் திறந்து கதையுங்கள். ரொக்ஸ்பரோவில் அந்த வீட்டுக்கு யாராவது போன் எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மூன்றாவது ரிங் வரைக்கும் அவர்கள் இப்போதும் எடுப்பதில்லை.